850 ரூபாய் ஸ்பிரிங் கம்ப்ரசரும் மாமாவின் கட்டைவிரலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நல்ல கருவி வாங்குவது எப்படி, பத்து வழிகள்" வகைக் கட்டுரை இல்லை இது. கோபத்தில் எழுதுவது. கோபத்தில் பாதி ஊர் மேல, மீதி பாதி என் மேலயே.

மே மாதம். ஏற்காட்டில் கோடை விழாவுக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்த நேரம். காட்டேஜ் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில்தான் ஹீட்டர் ஓடாது, குழாய் ஒழுகும், டாங்க் நிரம்பாது. அத்தனை போனும் என் மாமாவுக்குத்தான் வரும். மாமா பிளம்பர். அவருடைய ஆபீஸ், ஸ்டோர் ரூம், சாப்பிடும் இடம் எல்லாமே ஒரு பழைய ஆல்ட்டோதான். பின் சீட்டை மடக்கிப் போட்டு பைப்பும் எல்போவும் ரெஞ்சும் அடைத்துக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் குதித்துக் குதித்துப் போவார். அந்த ரோட்டில் ஓடும் காரின் ஷாக் அப்சார்பர் எத்தனை வருஷம் தாங்கும்? முன்பக்க இடது ஷாக்கில் எண்ணெய் வழிய ஆரம்பித்தது.

"மாப்ள, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே. நாமளே மாத்திடலாமா? லேபர் மிச்சம்."

இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வீடியோ பார்த்தேன். ஸ்பிரிங் கம்ப்ரசர் என்று ஒன்று வேண்டும் என்று தெரிந்தது. இருப்பதிலேயே விலை குறைவாக எது என்று வரிசைப்படுத்தி, முதலில் வந்ததை ஆர்டர் செய்தேன். 850 ரூபாய். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் "ஹெவி டியூட்டி" என்று போட்டிருந்தது. நானும் நம்பினேன்.

வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து வேலை பார்த்தோம். ஸ்ட்ரட்டைக் கழற்றும் வரை எல்லாம் ஜோர். இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, மாற்றி மாற்றி முறுக்கினேன். ஸ்பிரிங் அசையாமல் மாமா பிடித்துக்கொண்டார். பாதி முறுக்கும்போது ஒரு பக்க ராடு மெதுவாக வில் மாதிரி வளைவதைப் பார்த்தேன். பார்த்தும், "இன்னும் ரெண்டு சுத்துதான்" என்று முறுக்கினேன். டங் என்று ஒரு சத்தம். கொக்கி ஒரு சுற்று தாண்டி நழுவியது, ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கம் கோணிக்கொண்டு திரும்பியது, ராடு வந்து மாமாவின் இடது கட்டைவிரலில் அடித்தது.

எலும்பு முறிவு. ஐந்து வாரம் கட்டு. சீசன் முழுக்க அவரால் பைப் ரெஞ்சைப் பிடிக்க முடியவில்லை. வருஷத்தில் அவர் கொஞ்சம் காசு பார்ப்பதே அந்த ஐந்து வாரத்தில்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது மாமா சொன்னார்: "விடு மாப்ள. நமக்குப் பழக்கம் இல்ல, அவ்ளோதான்."

இல்லை மாமா. அவ்ளோதான் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஷாக் போனால் போகட்டும் என்று விட முடியாதா?

வகுப்பில் ஒருத்தன் கேட்டான், "அதை மாத்தாமயே ஓட்டியிருக்கலாமேடா?" சேலத்தில் அஞ்சு ரோட்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் மட்டும் ஓட்டுபவன் கேட்கும் கேள்வி அது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குப் போகும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். இரண்டும் சேர்ந்தால் ஒரே ஒரு முன்சக்கரம் அத்தனை பேருக்கும் பொறுப்பு ஏற்கிறது.

நிறைய பேர் நினைப்பது போல ஷாக் அப்சார்பர் வண்டியின் பாரத்தைத் தாங்குவது கிடையாது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் ஒரே வேலை, ஸ்பிரிங் ஒரு தடவை அமுங்கிய பிறகு மறுபடி மறுபடி குதிக்காமல் அடக்குவது. ஷாக் போய்விட்டால் குழியில் இறங்கிய டயர் குதிக்கும். குதிக்கும் நேரத்தில் டயருக்கும் ரோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அப்போது பிரேக்கும் இல்லை, ஸ்டீரிங்கும் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, இங்கே ரோட்டை ஒட்டி டயர் ஓடுவது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். எப்படி மாற்றுவது என்பதில்தான் சண்டை.

ஸ்பிரிங்குக்குள் என்ன இருக்கிறது?

மாருதி 800 தொடங்கி இன்றைய சின்னக் கார் வரை பெரும்பாலானவற்றில் முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஃபோர்டில் வேலை பார்த்த ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியரின் யோசனை. 1950-ல் வந்த ஃபோர்டு கான்சல் காரிலேயே இருந்தது. நடுவில் ஷாக், அதைச் சுற்றி காயில் ஸ்பிரிங், மேலே ஒரு மூடி, அந்த மூடியைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு நட். இடம் மிச்சம், காசு மிச்சம். ஆனால் ஷாக்கை மட்டும் தனியாக உருவ முடியாது. ஸ்பிரிங் எப்போதும் அமுங்கிய நிலையிலேயே உட்கார்ந்திருக்கும். அதை இன்னும் கொஞ்சம் அமுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் மேல் நட்டைக் கழற்ற முடியும். அந்த அமுக்கிப் பிடிக்கும் சாமான்தான் ஸ்பிரிங் கம்ப்ரசர்.

இப்போது கொஞ்சம் கணக்கு. (பயப்படாதீர்கள், ஹூக் விதியைத் தாண்டிப் போகமாட்டேன்.) ஒரு சின்னக் கார் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 25 நியூட்டன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 130 மில்லிமீட்டர் அமுக்கினால் 3,250 நியூட்டன், அதாவது 330 கிலோ பாரம். அதில் அடைந்திருக்கும் சக்தி சுமார் 211 ஜூல். 20 கிலோ அரிசிச் சிப்பம் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால் என்ன அடியோ, அதைவிடக் கொஞ்சம் கூட. அதுவும் மேலே இருந்து விழுந்தால் விலகலாம். இது முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் இருந்து கிளம்பும்.

850 ரூபாயில் என்ன குறைந்தது?

கட்டுப் போட்ட விரலோடு மாமா தூங்கிக்கொண்டிருந்த ராத்திரி, வளைந்த ராடை வெர்னியர் வைத்து அளந்தேன். 12 மில்லிமீட்டர். ராடின் நடுவில் இருந்து ஸ்பிரிங் உட்காரும் இடம் வரை கொக்கியின் நீளம் 30 மில்லிமீட்டர்.

330 கிலோவை இரண்டு ராடு பங்கு போட்டுக்கொண்டால் ஒன்றுக்கு 165 கிலோ. நேராக இழுத்தால் 12 மில்லி ராடுக்கு இது ஜுஜுபி. சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன்தான். "இது பல டன் தாங்கும்" என்று விற்பவர் சொல்வது இதை வைத்துத்தான். பொய் இல்லை. ஆனால் கொக்கி ராடுக்கு நேராக இல்லையே, 30 மில்லி தள்ளி அல்லவா இருக்கிறது! அந்தத் தள்ளல் ராடை வளைக்கிறது. வளைப்பதால் வரும் அழுத்தத்தைக் கணக்குப் போட்டால் 287 வருகிறது. 14 எங்கே, 287 எங்கே! சாதா மைல்ட் ஸ்டீல் 250-ஐத் தொட்டாலே நிரந்தரமாக வளைய ஆரம்பித்துவிடும். மரை வெட்டியதில் ராடு உள்ளே இன்னும் மெலிந்திருக்கும் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

ஆக, அந்தக் கருவி எங்கள் "பழக்கமின்மை"யால் வளையவில்லை. வளையும்படியே செய்யப்பட்டிருந்தது. ராடு வளைந்தால் கொக்கி சாயும். கொக்கி சாய்ந்தால் ஸ்பிரிங்கின் சுற்றுப் பாதையில் வழுக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

இதே ராடு 16 மில்லியாக இருந்திருந்தால் அந்த 287 என்பது 121 ஆகியிருக்கும். 12 மில்லியே இருந்து, 8.8 தர ஸ்டீலாக இருந்திருந்தால் 640 வரை தாங்கியிருக்கும். நாலு மில்லி இரும்பு, அல்லது கொஞ்சம் நல்ல இரும்பு. அவ்வளவுதான் வித்தியாசம். கஞ்சமலை இரும்புக்குப் பெயர் போன ஊர், உருக்காலை வைத்திருக்கும் ஊர் சேலம். அதன் தலைக்கு மேலே இருக்கும் மலையில் உட்கார்ந்துகொண்டு, நல்ல இரும்பு எது என்று கேட்கத் தெரியாமல் நான் வாங்கியிருக்கிறேன். அதுவும் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் 78 மார்க் வாங்கிய நான்! வளைவு அழுத்தக் கணக்கை பரீட்சையில் போட்டேன், வாழ்க்கையில் போடவில்லை. கோபத்தில் பாதி என் மேல என்று சொன்னது இதனால்தான்.

"நாங்க கயித்துலயே பண்ணுவோம் தம்பி"

அடுத்த கோபம் இவர்கள் மேல. விஷயத்தைக் கேட்ட ஒரு பெரியவர் சிரித்தார். முப்பது வருஷமாக ஸ்பிரிங்கைக் கம்பியால் கட்டி, ஜாக்கியில் அமுக்கி, மேலே ஆளை உட்கார வைத்தே வேலை முடித்ததாகச் சொன்னார். "கருவியெல்லாம் வெள்ளைக்காரனுக்கு. நமக்குக் கைதான் கருவி."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. "அது வேற கதை" என்றார். எல்லாப் பட்டறையிலும் இப்படி ஒரு வேற கதை இருக்கிறது. நம் ஊரில் இதை சாமர்த்தியம் என்று கொண்டாடுகிறோம். கம்பி கட்டி வேலை முடித்தவனைப் புகழ்ந்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறோம். கம்பி அறுந்தவனைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

சட்டமும் இங்கே எட்டிப் பார்க்காது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தில், மின்சாரம் இருக்கும் இடத்தில் 10 பேர் வேலை பார்த்தால்தான் அது தொழிற்சாலை. 2020-ல் வந்த புதுச் சட்டத் தொகுப்பில் அந்த 10 என்பது 20 ஆகிவிட்டது. முதலாளியும் ஒரு பையனும் மட்டும் இருக்கும் மலைப்பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. அந்தப் பையனின் விரலைக் காப்பாற்ற அங்கே இருப்பது கருவி ஒன்றுதான். அதிலும் போய் சிக்கனம் பார்த்தால்?

"காசு இருக்கறவன் பேசற பேச்சு"

எதிர்ப்பு எனக்குத் தெரியும். "நல்ல கருவி வாங்கக் காசு இருந்தா நாங்க ஏன்டா வீட்ல வேலை பாக்கறோம், பட்டறையிலயே விட்டுடுவோமே." நியாயம். ஆயிரம் தடவை நியாயம். நானும் 850 ரூபாய்க் கருவியை ஆசைப்பட்டு வாங்கவில்லை.

ஆனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பணக்காரனுக்கு விரல் போனால் லீவ் லெட்டர் எழுதுவான். மாமாவுக்கு விரல்தான் சம்பளம். கையை வைத்துப் பிழைப்பவனுக்குத்தான் கையைக் காப்பாற்றும் கருவி முதலில் தேவை. விலை குறைந்த கருவியை ஏழைக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமே, அதுதான் இதில் பெரிய அநியாயம்.

சரி, வழி என்ன? எனக்குத் தெரிந்து மூன்று.

ஒன்று: கம்ப்ரசர் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். ஆல்ட்டோவின் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பின் ஷாக் மாற்ற கம்ப்ரசரே வேண்டாம். ஓம்னிக்குப் பின்னால் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங், அதற்கும் வேண்டாம். பழைய அம்பாசிடருக்கு முன்னால் டார்ஷன் பார், அதில் அமுக்கக் காயிலே கிடையாது. "சஸ்பென்ஷன் வேலைன்னா கம்ப்ரசர்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

இரண்டு: ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றிக் கீழே கொண்டுபோங்கள். இதுதான் இருப்பதிலேயே மலிவு. வீட்டு வேலையில் முக்கால்வாசி நேரம் பிடிப்பது சக்கரம் கழற்றி, போல்ட் தளர்த்தி, ஸ்ட்ரட்டை வெளியே எடுப்பதுதான். அதில் ஸ்பிரிங் ஆபத்து இல்லை, ஒரு நிபந்தனையோடு: மேலே சுற்றி இருக்கும் நட்டுகளை மட்டும் கழற்ற வேண்டும். நடுவில் தனியாக இருக்கும் பெரிய நட்டை வண்டியில் வைத்துத் தொடவே கூடாது. ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பதே அதுதான். தெரியாதவன் கை முதலில் அதற்குத்தான் போகும். பிறகு இரண்டு ஸ்ட்ரட்டையும் சாக்கில் போட்டு, பஸ் ஏறி, சேலத்தில் தரையில் நிற்கும் பெரிய கம்ப்ரசர் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்தால், அதற்கு மட்டும் கூலி கொடுத்து வாங்கி வந்துவிடலாம். இதில் என்ன கௌரவக் குறைச்சல்? மாவு அரைக்க மில்லுக்குப் போவதில்லையா? :-)

மூன்று: சேர்ந்து வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஸ்பிரிங் கம்ப்ரசர் வருஷத்துக்கு ஒரு நாள் கூடத் தேவைப்படாது. ஐந்து வீட்டில் ஐந்து மோசமான கருவி தூங்குவதை விட, ஐந்து வீடு சேர்ந்து ஒரு நல்ல கருவி வாங்கலாம். கல்யாணத்துக்கு அண்டா இரவல் வாங்கும் ஊர்தானே நம்முடையது.

வாங்கும்போது "எத்தனை டன்" என்று கேட்காதீர்கள். அதற்கு எந்தப் பதிலும் வரும். ராடு எத்தனை மில்லி என்று கேளுங்கள். 16-க்குக் குறைந்தால் நகருங்கள். ஸ்டீல் தரம் என்ன என்று கேளுங்கள். "நல்ல ஸ்டீல்" என்றால் அது பதில் இல்லை. கொக்கியைப் பாருங்கள். ஒற்றைக் கொம்பா, ஸ்பிரிங்கை இரண்டு இடத்தில் பிடிக்கும் அகலத் தாடையா? மாட்டிய பிறகு நழுவாமல் பூட்டும் பின் இருக்கிறதா? பின் இல்லாத கம்ப்ரசரைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். மரை மெல்லிசாக, கூராக இருந்தால் சீக்கிரம் தேயும். தடித்த, தட்டையான மரை நல்லது. உங்கள் கார் ஸ்பிரிங்கின் விட்டத்துக்கு அது பொருந்துமா என்றும் அளந்து பாருங்கள். பெரிய ஜீப்புக்கான கொக்கி சின்னக் கார் ஸ்பிரிங்கின் நெருக்கமான சுற்றுக்குள் போகாது.

பயன்படுத்தும்போது: மரையில் கிரீஸ். இரண்டு ராடும் நேர் எதிரெதிரே. பக்கத்துக்கு இரண்டு சுற்று வீதம் மாற்றி மாற்றி, கையால் மட்டும். ஏர் கன் வைத்து முறுக்காதீர்கள். பழைய சீட் பெல்ட்டை ஸ்பிரிங்கோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். ஸ்ட்ரட்டின் இரண்டு முனைக்கும் நேரே தலை இருக்கக் கூடாது. யாரும் கையால் ஸ்பிரிங்கைப் பிடிக்கக் கூடாது, எவ்வளவு பாசமான மாமாவாக இருந்தாலும். ராடு வளைகிற மாதிரி தோன்றினால் உடனே நிறுத்தி, வந்த வழியே தளர்த்துங்கள். "இன்னும் ரெண்டு சுத்துதான்" என்ற வார்த்தை வாயில் வந்தால் எழுந்துபோய் டீ குடியுங்கள்.

கடைசியாக

மாமாவின் விரல் சேர்ந்துவிட்டது. முழுக்க மடங்குவதில்லை. சின்ன வாஷர் கீழே விழுந்தால் எடுக்க இப்போது வலது கை வருகிறது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

ஆல்ட்டோவின் இரண்டு ஸ்ட்ரட்டையும் நானே கழற்றி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோனேன். பட்டறையில் பத்தே நிமிஷம். ஸ்பிரிங் கூண்டுக்குள் சாதுவாக அமுங்கியது, நட் கழன்றது, புது ஷாக் உட்கார்ந்தது. நான் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மாட்டி, மறுநாள் அலைன்மென்ட் பார்த்தாயிற்று.

இப்போது எங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்து காசு போட்டுக்கொண்டிருக்கிறோம். பாதி சேர்ந்துவிட்டது. சேரும் வரை சாக்கும் பஸ்ஸும்தான்.

வளைந்த ராடைத் தூக்கி எறியவில்லை. என் மேஜை மேல், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தின் மேல் இருக்கிறது. வீட்டுக்கு வரும் நண்பர்கள் "என்னடா இது?" என்று கேட்கிறார்கள். 850 ரூபாய் என்று சொல்கிறேன். "பரவால்ல, சீப்தான்" என்கிறார்கள்.

பி.கு: அதே கருவி அதே விலையில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. "ஹெவி டியூட்டி"யும் அப்படியே இருக்கிறது.